முனிசிபாலிட்டி பாண்டு எடுத்தால் அது நம் வீட்டின் மேல் ஏறுமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அன்பர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: அவர்கள் வட்டாரத்து ரேட்பேயர்ஸ் சங்கம், அதாவது ரேட்ஸ் என்ற முனிசிபல் சொத்து வரி கட்டுவோரின் சங்கம், அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் கூடுகிறது. டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி முனிசிபாலிட்டி பஸ் பாதைக்கும் ரோட்டுக்கும் கடன் வாங்கப் போகிறது, பாண்டு வெளியிடப் போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. "பாண்டு என்றால் நம் வீட்டின் மேல்தானே விழும்?" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். "பஸ் ஒழுங்காக வரும்வரை ரேட்ஸ் கட்ட வேண்டாம்" என்று இளையவர்கள் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி, சங்கம் என்ன செய்யலாம் என்பது கேள்வி. இதன் அடியில் இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது: அந்தக் கடன் யாருடையது, அதை அடைப்பது யார் பணம், நம் பேச்சு எந்தத் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் அது காதில் விழும். முனிசிபல் பட்ஜெட் ஆவணங்களோடு பல ஆண்டு பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் பில் விவகாரம் கோர்ட் வரை போகும் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

முதலில் பெரியவர்களின் பயத்தைத் தீர்த்துவிடலாம், அது ஒரு சொல்லால் வந்த பயம். தென்னாப்பிரிக்காவில் நாம் பாண்டு என்று சொன்னால் வீட்டுக் கடன்தான். "பாண்டு முடிந்ததா?" என்று கேட்டால் பேங்குக்குக் கட்ட வேண்டியது தீர்ந்ததா என்று அர்த்தம். அந்த பாண்டு, சொத்துப் பத்திரங்களைப் பதியும் டீட்ஸ் ஆபீசில் உங்கள் வீட்டின் மேல் பதிவாகிறது, தவணை தவறினால் பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். முனிசிபாலிட்டி வெளியிடுவது பெயரில் மட்டும்தான் ஒன்று. அது நகரம் எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரம்: குறிப்பிட்ட காலத்துக்கு வட்டி தருகிறேன், காலம் முடிந்ததும் அசலைத் திருப்புகிறேன் என்ற வாக்கு. பென்ஷன் நிதிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அதை வாங்குகின்றன, ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் அது கைமாறுகிறது. 2003-ஆம் ஆண்டின் முனிசிபல் நிதி மேலாண்மைச் சட்டம் (56-ஆம் எண்) 48-ஆம் பிரிவில் முனிசிபாலிட்டி தன் கடனுக்கு ஈடு கொடுக்கலாம் என்கிறது. ஆனால் அந்த ஈடு அதன் சொந்தச் சொத்தாகவோ அதன் வருமானமாகவோதான் இருக்க முடியும். உங்கள் வீடு அதன் சொத்து இல்லை. நகரம் தவணை தவறினாலும் யாரும் உங்கள் வாசலுக்கு வர முடியாது.

இதில் ஒரு திருத்தம் உண்டு, அதையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்த ரேட்ஸ், லைட், தண்ணீர் பாக்கி உங்கள் வீட்டின் மேல் நிற்கும் கடன்தான். முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வீட்டை விற்கப் போனால் கடந்த இரண்டு ஆண்டுப் பாக்கியைத் தீர்த்தால்தான் கிளியரன்ஸ் சர்டிபிகேட் கிடைக்கும், அது இல்லாமல் பெயர் மாறாது. பழைய உரிமையாளரின் பழங்கடனைப் புதிதாக வாங்கியவர் தலையில் கட்ட முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் ஜோர்டான் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆக நகரத்தின் கடன் உங்கள் வீட்டின் மேல் ஏறாது, உங்கள் பாக்கி ஏறும். பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கினால் பாதிக் கூட்டம் அமைதியாகிவிடும்.

பாண்டு என்பது இந்த நாட்டில் புதிதும் இல்லை. இந்தச் சட்டம் வந்த பிறகு 2004-இல் ஜோஹன்னஸ்பர்க் முதலில் பாண்டு வெளியிட்டது, பின்னால் கேப் டவுன், எகுர்ஹுலேனி, ட்ஷ்வானே வந்தன. டர்பன் பெரும்பாலும் பேங்குகளிடமும் வளர்ச்சி நிதி நிறுவனங்களிடமும் நேரடிக் கடன் வாங்கியே காலம் தள்ளியிருக்கிறது. ரேட்ஸ் கட்டுகிற நமக்கு இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு திருப்பிக் கட்டும் விதத்தில் இருக்கிறது. நேரடிக் கடனில் வழக்கமாக வட்டியோடு அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பாண்டில் பெரும்பாலும் அசல் முழுவதும் கடைசி நாளில் ஒரே தொகையாக வந்து நிற்கும். அந்த நாளுக்காக ஆண்டுதோறும் பணத்தைத் தனியே எடுத்துவைக்கும் நிதி இல்லாவிட்டால், அப்போது பதவியில் இருக்கும் கவுன்சில் இன்னொரு கடன் வாங்கித்தான் இதை அடைக்கும். பாண்டு என்று யாராவது சொன்னால் சங்கம் முதலில் கேட்க வேண்டியது அந்த நிதியைப் பற்றித்தான்: அசலுக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள், அது பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறது?

கையில் ஒரு கணக்கு இருந்தால் பேசுவது எளிது. உதாரணத்துக்கு 100 கோடி ராண்ட், அதாவது ஒரு பில்லியன், 20 ஆண்டுக்கு 11 சதவீத வட்டியில் வாங்கினால் ஆண்டுக்குச் சமத் தவணை ஏறக்குறைய 12.56 கோடி ராண்ட். இருபது ஆண்டில் மொத்தம் 251 கோடிக்கு மேல் போகிறது. அதே கடன் 10 சதவீதத்தில் கிடைத்தால் ஆண்டுத் தவணை சுமார் 11.75 கோடி. ஒரே ஒரு சதவீதம் ஆண்டுக்கு 80 லட்சம் ராண்டைத் தின்கிறது. நகரத்தின் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, ஆடிட்டர் ஜெனரல் என்ன கருத்து எழுதியிருக்கிறார், நகரத்தின் கடன் நம்பகத்துக்கு என்ன ரேட்டிங் என்பதெல்லாம் அந்த ஒரு சதவீதத்தில்தான் வெளிப்படும். எந்த வட்டியில் கிடைக்கும் என்பதை ஏலம் முடியும்வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து "இத்தனை சதவீதம்தான்" என்று அடித்துச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 230ஏ பிரிவும் நிதி மேலாண்மைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவும் சேர்ந்து சொல்வது: நீண்டகாலக் கடன் மூலதனச் செலவுக்கும் பழைய கடனை மாற்றிக்கொள்வதற்கும் மட்டுமே. சம்பளம் கொடுக்கவும் டீசல் போடவும் 20 ஆண்டுக் கடன் வாங்க முடியாது. கவுன்சில் அந்தக் கடனை எடுத்துக்கொள்ளும் கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னால் ஒரு தகவல் அறிக்கையை மக்களுக்கு வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். தொகை எவ்வளவு, எதற்கு, ஈடு ஏதாவது கொடுக்கிறார்களா என்பது அதில் இருக்கும். பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. திருப்பிக் கட்டும் அட்டவணையும் கடன் காலம் முழுவதற்குமான மொத்தச் செலவும் கவுன்சிலர்களுக்குக் கொடுக்கப்படும் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும், மக்களுக்கான அறிக்கையில் அவை இல்லாமலும் போகலாம். ஆகவே அந்த அட்டவணையை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்குப் பதில் வர 30 நாள் அவகாசம் உண்டு, 21 நாள் ஜன்னல் அதற்குள் மூடிவிடும்.

ஆனால் கடன் தவணையைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பஸ் பாதை கட்டுவதற்கான பணத்தில் பெரும்பகுதி வழக்கமாக உங்கள் ரேட்ஸிலிருந்து வருவதில்லை. தேசிய அரசு பொதுப் போக்குவரத்து வலையமைப்பு மானியம் என்று நகரங்களுக்குத் தனியாகக் கொடுக்கிறது. ரேட்ஸில் கை வைப்பது கட்டி முடித்த பிறகு வரும் செலவு: டிரைவர் சம்பளம், டீசல், நிலையங்களுக்குக் காவல், டிக்கெட் மெஷின் பராமரிப்பு, டிக்கெட் வருமானத்துக்கும் செலவுக்கும் இடையே விழும் பள்ளம். அந்தப் பள்ளத்தை ஆண்டுக்கு ஆண்டு நிரப்புவது நகரத்தின் சொந்தப் பணம். நாட்டில் எந்த நகரத்திலும் இந்த வகைப் பஸ் சேவை டிக்கெட் பணத்தில் மட்டும் ஓடவில்லை. காலையில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், மாலையில் எல்லாரும் திரும்புகிறார்கள், நடுப்பகலில் பஸ் காலி. தூரம் அதிகம், ஒரு இருக்கையில் நாள் முழுவதும் இரண்டு பேர்தான் உட்கார்கிறார்கள் என்றால் கணக்கு எப்படி ஒத்துவரும்?

டர்பனிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. கோ டர்பன் என்ற நகரப் பஸ் பாதைத் திட்டத்தில் பிரிட்ஜ் சிட்டியையும் பைன்டவுனையும் இணைக்கும் சி3 பாதைக்கு 2010-களில் கட்டுமானம் தொடங்கியது. தனிப் பாதை போட்டார்கள், நிலையங்கள் எழுந்தன. பஸ் ஓடும் நாளோ மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. கான்கிரீட் போடுவதைவிடக் கடினமான வேலை, அந்த வழியில் ஏற்கெனவே ஓடும் மினிபஸ் டாக்ஸி உரிமையாளர்களோடும் பஸ் நடத்துவோரோடும் உட்கார்ந்து பேசி அவர்களுடைய நஷ்ட ஈட்டையும் புதிய கம்பெனியில் அவர்களுடைய பங்கையும் முடிவுசெய்வது. கேப் டவுனில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே, நடத்துவோருக்கு இடையிலான ஒப்பந்தச் சிக்கலால் அந்நகரின் மைசிட்டி பஸ் சேவையில் என்2 எக்ஸ்பிரஸ் 2019-இல் நின்று 2022-இல்தான் திரும்பியது. பஸ் ஓடாத நிலையத்துக்கும் காவலாளி வேண்டும், மழைநீர் வடிகால் தூர் வார வேண்டும், கண்ணாடி உடைந்தால் மாற்ற வேண்டும். டிக்கெட் வருமானம் மட்டும் வராது.

நிதி மேலாண்மைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இந்த இடத்துக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. ஒரு மூலதனத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் முன், அதன் முழுச் செலவையும், அது ஓடத் தொடங்கிய பின் வரும் நடப்புச் செலவையும் வருமானத்தையும், அதனால் வரியும் கட்டணமும் எப்படி மாறும் என்பதையும் கவுன்சில் ஆலோசிக்க வேண்டும். உங்கள் சங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியும் என்றால் அதையே கேளுங்கள்: இந்தப் பாதை ஓட ஆரம்பித்தால் முதல் ஐந்து ஆண்டில் ஆண்டுக்கு எவ்வளவு பள்ளம் விழும், அதை எந்தக் கணக்கிலிருந்து நிரப்புவீர்கள்? பதிலில் தொகை இருந்தால் திட்டத்தை யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பொதுப் பேச்சு மட்டும் வந்தால் இன்னும் யோசிக்கவில்லை.

நகரத்தால் இன்னொரு கடனைத் தாங்க முடியுமா என்று பார்க்க நிதியாளர் தேவையில்லை. தேசிய கருவூலம் 71-ஆம் சுற்றறிக்கையில் சில அளவுகோல்களைக் கொடுத்திருக்கிறது. கடன் தவணையும் வட்டியும் சேர்ந்து மொத்த நடப்புச் செலவில் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போட்ட பில்லில் 95 சதவீதமாவது வசூலாக வேண்டும். கையில் ஒன்று முதல் மூன்று மாதச் செலவுக்குப் பணம் நிற்க வேண்டும். பழுதுபார்க்கும் செலவு சொத்துகளின் மதிப்பில் 8 சதவீதம் இருக்க வேண்டும். தண்ணீர் இழப்பு 15 முதல் 30 சதவீதத்துக்குள். இந்தக் கடைசி அளவில் டர்பன் பல ஆண்டுகளாக வரம்புக்கு வெகு வெளியே நிற்கிறது. குழாயில் ஓடும் தண்ணீரில் பாதியளவுக்குக் காசு வராத ஒரு நகரத்துக்குப் புதிய பஸ் நிலையம் கட்டுவதைவிடப் பழைய குழாய் மாற்றுவதற்குக் கடன் வாங்குவது நல்லது என்று ஒருவர் வாதாடினால், என் கருத்தில் அவர் பக்கம் நியாயம் அதிகம். குழாய் தன் கடனைத் தானே அடைக்கும். பஸ் நிலையம் அடைக்காது. பஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதற்கு எந்தப் பணம் பொருத்தம் என்பதுதான் கேள்வி. கடன் காலம் பொருளின் ஆயுளைத் தாண்டக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டு ஓடும் பஸ்ஸை இருபது ஆண்டுக் கடனில் வாங்கினால், பஸ் ஸ்கிராப் யார்டில் கிடக்கும்போதும் தவணை போய்க்கொண்டிருக்கும்.

இப்போது ரேட்ஸ். சந்தை மதிப்பில் ஒரு ராண்டுக்கு இத்தனை சென்ட் என்று கவுன்சில் ஆண்டுதோறும் தீர்மானிக்கிறது. வீடுகளுக்கு முதல் 15,000 ராண்ட் மதிப்பைச் சட்டமே கழித்துவிடுகிறது, அதற்கு மேலும் கழிப்பது நகரத்தின் கொள்கை. கணக்குக்காக ராண்டுக்கு 1.2 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீடு 12 லட்சம் ராண்ட் என்றால் 15,000 போக 11,85,000-க்கு ஆண்டுக்கு 14,220 ராண்ட், மாதம் 1,185. அடுத்த மதிப்பீட்டில் எல்லார் வீடும் 20 சதவீதம் ஏறி 14,40,000 ஆகிறது, கவுன்சில் சென்டை 1.0 ஆகக் குறைக்கிறது என்றால் ஆண்டுக்கு 14,250. முப்பது ராண்ட்தான் வித்தியாசம். ஆக மதிப்பு ஏறினாலே ரேட்ஸ் ஏறிவிடும் என்பது சரியில்லை. நகரத்துச் சராசரியைவிட உங்கள் வட்டாரம் அதிகமாக ஏறியிருந்தால், அல்லது சென்டைக் குறைக்க வேண்டிய அளவுக்குக் குறைக்காமல் விட்டால்தான் பில் கனக்கும். பஸ் பாதை வந்தால் நம் வீட்டு மதிப்பு ஏறி ரேட்ஸும் ஏறும் என்றும் பேசிக்கொள்வார்கள். அது சந்தேகமான விஷயம். நிலையத்துக்குப் பக்கத்தில் ஏறவும் செய்யும், சத்தமும் நெரிசலும் சேர்ந்தால் இறங்கவும் செய்யும். அதைத் தூக்கி வாதத்தில் வைக்காதீர்கள்.

மதிப்பீடு தவறு என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மதிப்பீட்டுப் பட்டியல் வெளியானதும் குறைந்தது 30 நாள் திறந்திருக்கும். இங்கே சங்கங்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: "எங்கள் பகுதி மதிப்பீடு முழுவதும் தவறு" என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதம் அனுப்புவது. 2004-ஆம் ஆண்டின் சொத்து ரேட்ஸ் சட்டம் 50-ஆம் பிரிவில், ஆட்சேபம் ஒரு குறிப்பிட்ட சொத்தைப் பற்றியே இருக்க வேண்டும், மொத்தப் பட்டியலுக்கு எதிராக இருக்கக் கூடாது என்கிறது. அந்தக் கடிதம் பயனற்றுப் போகும். அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் நாலு மேசை போட்டு வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்ப உதவுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விற்ற மூன்று முதல் ஐந்து வீடுகளின் விலை வேண்டும், அதுவும் பட்டியலில் அச்சிட்டிருக்கும் மதிப்பீட்டுத் தேதியை ஒட்டி விற்றவை. இன்றைய ஏஜென்ட் விலை உதவாது. சுவர் விரிசல், சரியும் மண், வாசலில் ஓடும் சாக்கடை இருந்தால் படமெடுத்து இணையுங்கள். ஆட்சேபம் நிலுவையில் இருந்தாலும் ரேட்ஸ் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதிகாரி மதிப்பைப் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றினால் அது தானாகவே அப்பீல் போர்டின் பார்வைக்குப் போகும். பென்ஷனர்களுக்கான கழிவு தனி விண்ணப்பத்தில் கிடைப்பது, அதே மேசையில் அதையும் முடித்துவிடலாம். உரிமை இருந்தும் விண்ணப்பிக்காமல் முழுத்தொகை கட்டிக்கொண்டிருக்கும் பாட்டிமார் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கூட்டத்தில் வேறெதுவும் நடக்காவிட்டாலும் இது ஒன்று நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ரேட்ஸ் கட்ட வேண்டாம் என்ற யோசனைக்கு வருகிறேன். கோபம் எனக்குப் புரிகிறது. 1980-களின் தொடக்கத்தில் பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் வாடகை எதிர்ப்புப் போராட்டம் நடந்த ஊர் இது, அந்த நினைவில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று அந்தக் கவுன்சிலில் நமக்கு வாக்கு இல்லை, இன்று இருக்கிறது. சட்டமும் வேறு. கிரூன்ஸ்டாட் நகரில் ரேட்பேயர்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், சேவை சரியில்லை என்று ரேட்ஸை நிறுத்திவைத்துவிட்டு லைட் பில்லை மட்டும் ஒழுங்காகக் கட்டிவந்தார். முனிசிபாலிட்டி அவர் வீட்டுக் கரண்டைத் துண்டித்தது. 2013-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ராடெமன் வழக்கில் முனிசிபாலிட்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது: எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்க அதற்கு அதிகாரம் உண்டு, ஒன்றில் பாக்கி வைத்தால் கரண்டை வெட்டலாம். சங்கத்தின் பேச்சைக் கேட்டு நிறுத்தும் பென்ஷனரின் ஃப்ரிஜ்ஜில் இன்சுலின் இருந்தால் பொறுப்பு யாருடையது என்று இளையவர்கள் யோசிக்க வேண்டும்.

பணத்தைப் பிடித்துவைக்கச் சட்டம் விட்டிருக்கும் இடைவெளி சிறியது. சிஸ்டம்ஸ் சட்டத்தின் 102(2) பிரிவின்படி, பில்லில் ஒரு குறிப்பிட்ட தொகையைப் பற்றி முனிசிபாலிட்டியோடு தகராறு இருந்தால், அந்தத் தொகையை மற்ற கணக்குகளோடு சேர்க்க முடியாது. "பில் அதிகம்" என்றால் அது தகராறு ஆகாது. "மார்ச் பில்லில் தண்ணீருக்கு 4,310 ராண்ட் போட்டிருக்கிறீர்கள், மீட்டர் அளவின்படி 690 வர வேண்டும், 3,620 ராண்டை மறுக்கிறேன், மீதியைக் கட்டிவிட்டேன், ரசீது இணைப்பு" என்று எழுதினால் ஆகும். மீட்டரின் படத்தில் எண்ணும் சீரியல் நம்பரும் இரண்டும் தெரிய வேண்டும்.

தேதிகளை நம் பண்டிகைகளோடு கோத்துவைத்தால் மறக்காது. முனிசிபல் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆடிக் கூழ் ஊற்றும் மாதத்தில் புதிய கட்டணத்தோடு பில் வரும், எல்லாரும் கொதிப்பார்கள், ஆனால் அப்போது முடிவு எடுத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். கூழ் முடிந்த கையோடு ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் அடுத்த பட்ஜெட்டின் கால அட்டவணை வெளியாகும், அதை வாங்கி வையுங்கள். தை மாதக் காவடி நேரத்தில், ஜனவரி 25-க்குள் பட்ஜெட்டின் அரையாண்டு மதிப்பீடு வரும். எந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்கிறது என்பது அதில் தெரியும். மார்ச் கடைசிக்குள் வரைவு பட்ஜெட் தாக்கலாகும். புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும் அந்த வாரங்கள்தான் உங்கள் எழுத்து போய்ச் சேர வேண்டிய வாரங்கள். மே 31-க்குள் பட்ஜெட் கவுன்சிலில் ஒப்புதலுக்கு வரும். அதற்குப் பிறகு போடும் சத்தம் அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் சேரும்.

போக்குவரத்துக் கோரிக்கைகளில் பாதி தவறான கதவைத் தட்டுவதால் வீணாகின்றன. மெரிபேங்கில் பிரிந்து கிராஸ்மூர் வரை போகும் ரயில் பிராசா என்ற பயணிகள் ரயில் நிறுவனத்துடையது, அது தேசிய அரசின் கீழ். என்2 நெடுஞ்சாலை சான்ரல் என்ற தேசிய நெடுஞ்சாலை நிறுவனத்துடையது. டாக்ஸி ஓட்டும் உரிமம் மாகாண அலுவலகம் கொடுப்பது. நகரத்தின் கையில் இருப்பது முனிசிபல் ரோடு, நடைபாதை, சிக்னல் விளக்கு, டாக்ஸி ரேங்க், பஸ் நிறுத்தம். ஒரே மனுவில் ரயிலையும் பஸ் நிழற்குடையையும் சேர்த்து எழுதினால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்.

ஒரு பஸ் நிறுத்தத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மழைநீர் வாய் இலையாலும் பிளாஸ்டிக் பையாலும் அடைத்திருக்கும். கர்ப் என்ற நடைபாதை விளிம்போரமாகத் தண்ணீர் தேங்கும். டிரைவர் தண்ணீரை ஆளின் மேல் அடிக்காமலிருக்க ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துவார். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நிற்கும் அம்மா கர்பிலிருந்து தண்ணீரில் இறங்கி, அங்கிருந்து உயரமான படியில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் அந்தப் படி ஏறாது, அவர் டாக்ஸிக்கு இரட்டிப்புக் காசு கொடுப்பார், அல்லது வெளியே போவதையே விட்டுவிடுவார். இதைச் சரிசெய்ய பாண்டு வேண்டாம், மானியம் வேண்டாம். வடிகாலைத் தூர் வாருவது பராமரிப்புச் செலவு, இந்த ஆண்டுப் பட்ஜெட்டிலேயே இருக்கிறது. பெரிய பாதைக்காகக் காத்திருக்கும் சங்கம் இப்படிப்பட்ட பத்து நிறுத்தங்களை எழுதிக் கொடுத்திருந்தால் அதில் ஆறு நிறுத்தமாவது சரியாகியிருக்கும் என்பது என் நம்பிக்கை.

எழுதும்போது ஆள் கணக்கு இணையுங்கள். செவ்வாய், புதன், வியாழன் ஏதாவது இரண்டு நாளில் காலை 5:30 முதல் 7:30 வரை இருவர் நின்று, கால் மணிக்கு ஒருமுறை எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், இடமில்லாமல் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். திங்களும் வெள்ளியும் சராசரி நாள்கள் இல்லை, பள்ளி விடுமுறையும் வேண்டாம். அருகிலிருக்கும் விளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதினால் எந்த இடம் என்று தேட வேண்டியதில்லை. இன்ஜினியர் தானே செய்திருக்க வேண்டிய வேலையை நீங்கள் செய்து கொடுத்தால் அந்தத் தாள் மேசையின் மேலே நிற்கும்.

தனி ரேட்டிங் பகுதி அமைத்து நாமே கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டாலும் கேட்பார். சொத்து ரேட்ஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அனுமதிக்கிறது, அதைக் கட்டப்போகிறவர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும், பணம் அந்தப் பகுதியின் மேம்பாட்டுக்கே போக வேண்டும், கணக்கும் தனி. உம்லாங்கா போன்ற வியாபாரப் பகுதிக்குப் பொருந்தும். பென்ஷனில் வாழ்பவர்கள் நிறைந்த தெருக்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சங்கத்தின் கருத்துக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். சங்கத்துக்கு எழுத்தில் விதிகள் இருக்க வேண்டும், எந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வந்து இந்தத் தீர்மானம் எடுத்தார்கள் என்ற மினிட்ஸ் இணைப்பாக இருக்க வேண்டும். வார்டு கமிட்டி வேறு, உங்கள் சங்கம் வேறு. கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை இருக்கும் கமிட்டியில் உங்கள் ஆள் ஒருவர் இருப்பது நல்லது, ஆனால் அங்கே பேசியது மட்டும் எழுத்துக் கருத்தாகக் கணக்காகாது. கடிதம் சிட்டி மேனேஜருக்கு, நகல் கவுன்சிலருக்கு. முதல் வரியில் எந்த அறிவிப்புக்குப் பதில் என்று தேதியோடு சொல்லுங்கள். அடுத்து மூன்றோ நான்கோ கேள்விகள், எண் போட்டு: ஓட்டச் செலவின் பள்ளம் எவ்வளவு, கடன் அட்டவணை எங்கே, அசலுக்கு ஒதுக்கும் நிதி எது, 71-ஆம் சுற்றறிக்கை அளவுகள் இந்தக் கடனுக்குப் பின் எப்படி மாறும். கீழே இந்த வார்டுக்குக் கேட்கும் சிறிய வேலைகள், கம்ப எண்களோடு. மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அந்த நகலும் அறிவிப்பு வந்த பேப்பர் துண்டும் ஒரே ஃபைலில், செயலாளர் வீட்டில் வேண்டாம், கோயில் ஆபீஸ் அலமாரியில் இருக்கட்டும். செயலாளர்கள் மாறுவார்கள், கடன் இருபது ஆண்டு ஓடும்.